ஹோட்டல் மாதிரி படுக்கை வேணும், இஸ்திரி வேலை வேண்டாம்: பெட்ஷீட் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு



ஃப்ரிட்ஜ் வாங்கினா ஸ்டார் ரேட்டிங் பார்க்கிறோம். பைக் வாங்கினா மைலேஜ் கேட்கிறோம். பெட்ஷீட் வாங்கும்போது மட்டும் கலர், டிசைன் பார்த்து, கையால ஒரு தடவை தடவிப் பார்த்துட்டு பில் போட்டுடறோம். ஒரே கடையில 500 ரூபாய்க்கும் டபுள் பெட்ஷீட் இருக்கு, 8,000 ரூபாய்க்கும் இருக்கு. ரெண்டுமே "சாஃப்ட்", ரெண்டுமே "பிரீமியம்", ரெண்டு பாக்கெட் மேலயும் ஒரு வெளிநாட்டு பெட்ரூம் படம். இதுல எதுக்கு காசு கொடுக்கலாம், எதுக்குக் கொடுக்கக் கூடாது?

இதைக் கேட்கிற பெரும்பாலான பேருக்கு மனசுல இருக்கிற ஆசை ஒண்ணுதான். நல்ல ஹோட்டல்ல தங்கும்போது படுத்த உடனே ஒரு சுகம் வருது பாருங்க, அது நம்ம வீட்டுலயும் வேணும். ஆனா அதுக்காக வாராவாரம் துவைச்சு, இஸ்திரி போட்டு, பொத்திப் பொத்திப் பாதுகாக்க நேரம் இல்ல. இந்த ரெண்டு ஆசையும் ஒண்ணா நிறைவேறுமா? நிறைவேறும். ஆனா விலை அதிகமா இருக்கிறதை எடுத்தா நிறைவேறாது. எப்படின்னு பார்ப்போம்.

முதல்ல கணக்கு: 4 வருஷத்துக்கு எவ்வளவு?

நம்ம சேனல்ல அடிக்கடி சொல்ற விஷயம்தான். ஒரு பொருளோட விலை வேற, அந்தப் பொருளை வச்சிருக்க ஆகிற செலவு வேற. பெட்ஷீட்ல இந்த வித்தியாசம் ரொம்பப் பெருசு.

ஒரு கட்டில். ரெண்டு செட் (ஒரு பெட்ஷீட், ரெண்டு தலையணை உறை சேர்ந்தது ஒரு செட்). வாரம் ஒரு தடவை மாத்தறோம், அதாவது வருஷத்துக்கு 52 சலவை. இஸ்திரி கடையில ஒரு செட்டுக்கு 40 ரூபாய்னு வச்சுக்குவோம். கீழே இருக்கிற விலையும் ஆயுளும் கணக்குக்காக நான் வச்ச எண்கள்தான். உங்க ஊர் ரேட்டைப் போட்டு நீங்களே மாத்திப் பாருங்க.

1. மைக்ரோஃபைபர் செட், ஒண்ணு 600 ரூபாய். ரெண்டு வருஷத்துல மாத்தணும்னு வச்சா, 4 வருஷத்துக்கு 4 செட். மொத்தம் 2,400 ரூபாய். இஸ்திரி தேவையில்ல. ஒரு நாளைக்கு சுமார் 1 ரூபாய் 64 காசு.

2. நல்ல காட்டன் பெர்கேல் செட், ஒண்ணு 2,500 ரூபாய். ரெண்டு செட் 5,000. வாராவாரம் இஸ்திரிக்குக் கொடுத்தா வருஷத்துக்கு 2,080; 4 வருஷத்துக்கு 8,320. மொத்தம் 13,320 ரூபாய். ஒரு நாளைக்கு சுமார் 9 ரூபாய் 12 காசு.

3. நல்ல காட்டன் சாட்டீன் செட், ஒண்ணு 2,400 ரூபாய். ரெண்டு செட் 4,800. இஸ்திரி இல்லாம உபயோகிக்கிறோம். ஒரு நாளைக்கு சுமார் 3 ரூபாய் 29 காசு.

4. "1000 த்ரெட் கவுண்ட்" லக்ஸரி செட், ஒண்ணு 6,000 ரூபாய். ரெண்டு செட் 12,000. இஸ்திரி இல்லன்னே வச்சாலும் ஒரு நாளைக்கு சுமார் 8 ரூபாய் 22 காசு.

ரெண்டாவது வரியை இன்னொரு தடவை பாருங்க. துணிக்கு 5,000, இஸ்திரிக்கு 8,320! அதே பெர்கேலை இஸ்திரி போடாம உபயோகிச்சா நாளைக்கு 3 ரூபாய் 42 காசுல முடிஞ்சுடும். ஆக, பெட்ஷீட்டை விட பெட்ஷீட்டுக்குப் பின்னாடி நடக்கிற வேலைதான் காசைத் தின்னுது.

"நாங்க கடைக்குக் கொடுக்கறதில்ல, வீட்டுலயே போட்டுக்கறோம்"னு சொல்றீங்களா? வாரம் 20 நிமிஷம்னா வருஷத்துக்கு 17 மணி நேரம். அந்த 17 மணி நேரம் வீட்டுல யாரோட கணக்குல போகுதுன்னு யோசிங்க. பெரும்பாலான வீடுகள்ல பெட்ஷீட்டைத் தேர்ந்தெடுக்கறது ஒருத்தர், துவைச்சு மடிக்கிறது இன்னொருத்தர். அந்த இன்னொருத்தரையும் கடைக்குக் கூட்டிட்டுப் போங்க. அவங்களுக்குத்தான் எது பராமரிக்க ஈஸின்னு தெரியும்.

ஹோட்டல் சுகம் எங்கிருந்து வருது?

ஹோட்டல் பெட்ஷீட்ல ஏதோ ரகசியத் துணி இருக்குன்னு நினைக்கிறோம். பல ஹோட்டல்கள்ல இருக்கிறது சாதாரணமான 200 முதல் 400 வரையிலான த்ரெட் கவுண்ட் துணிதான். நிறைய இடங்கள்ல காட்டனும் பாலியஸ்டரும் கலந்ததுகூட. சீக்கிரம் காயும், நிறைய சலவையைத் தாங்கும், அதான் காரணம்.

அந்த சுகத்துக்கு மூணு விஷயம் முக்கியம். ஒண்ணு, தினமும் வேற ஆள் லாண்டரியில துவைச்சு, பெரிய ரோலர் இயந்திரத்துல இஸ்திரி போட்டு அனுப்பறாங்க. ரெண்டு, மெத்தைக்குக் கீழ ஆழமா செருகி, சுருக்கம் இல்லாம இழுத்துக் கட்டியிருக்காங்க. மூணு, பெட்ஷீட்டுக்கு அடியில மெத்தை பாதுகாப்பு உறை ஒண்ணு மெத்துன்னு இருக்கு.

முதலாவதை நம்மால வீட்டுல பண்ண முடியாது. ரெண்டாவதும் மூணாவதும் முடியும், செலவும் கம்மி. அதனால 6,000 ரூபாய் பெட்ஷீட் வாங்கறதுக்கு முன்னாடி, சரியான அளவுல ஒரு நல்ல பெட்ஷீட்டும், கழற்றித் துவைக்கக்கூடிய ஒரு மெத்தை உறையும் வாங்கிப் பாருங்க. வித்தியாசம் உடனே தெரியும்.

த்ரெட் கவுண்ட்: எண்ணைப் பார்த்து ஏமாறாதீங்க

த்ரெட் கவுண்ட்னா ஒரு சதுர இஞ்ச் துணியில எத்தனை நூல் இருக்குங்கற எண்ணிக்கை. பாவு நூலையும் ஊடை நூலையும் சேர்த்து எண்ணுவாங்க. பாவு 125, ஊடை 125 இருந்தா, அது 250.

ஒரு இஞ்ச்ல அடுக்கக்கூடிய நூலுக்கு ஒரு எல்லை இருக்குல்ல? அப்புறம் எப்படி 1000, 1200 வருது? மெல்லிசான நாலு இழையை முறுக்கி ஒரு நூலாக்கி, நெய்ததுக்கு அப்புறம் ஒவ்வொரு இழையையும் தனித்தனியா எண்ணுவாங்க. அதே 250 துணி, 250 பெருக்கல் 4, இப்ப 1000 ஆயிடுச்சு. துணி மென்மையாகல, எடைதான் கூடிச்சு. முறுக்கு நூலானாலும் ஒண்ணாத்தான் எண்ணணும்ங்கறதுதான் துணிப் பரிசோதனைத் தர விதி. அமெரிக்காவோட ஃபெடரல் டிரேட் கமிஷனும் 2005லயே, இப்படி இழையை எண்ணி விக்கறது வாங்கறவங்களை ஏமாத்தலாம்னு சொல்லியிருக்கு.

எடை கூடினா என்ன? 108க்கு 108 இஞ்ச் கிங் சைஸ் பெட்ஷீட் கிட்டத்தட்ட ஏழரை சதுர மீட்டர். 120 ஜிஎஸ்எம் துணின்னா காய்ஞ்ச நிலையில சுமார் 900 கிராம். 200 ஜிஎஸ்எம்னா ஒன்றரை கிலோ. தண்ணி குடிச்சா இன்னும் அதிகம். வாஷிங் மெஷின்ல பாதி இடத்தை அதுவே அடைச்சுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில ரெண்டு நாள் வீட்டுக்குள்ள கொடியில தொங்கினா ஒரு ஈர வாடை வரும் பாருங்க, அதுக்குப் பேரு லக்ஸரி இல்ல.

நம்ம ஊர் வெயிலுக்கும் மழைக்கும் பெர்கேல்னா 200 முதல் 300, சாட்டீன்னா 300 முதல் 400 வரைக்கும் போதும். பாக்கெட்ல "சிங்கிள் ப்ளை"ன்னு போட்டிருக்கான்னு பாருங்க.

காசு எதுல போகணும்? பஞ்சுல!

மென்மையும் ஆயுளும் பஞ்சோட இழை நீளத்துலதான் இருக்கு. இழை நீளமா இருந்தா நூல்ல இழைமுனைகள் கம்மி. முனைகள் கம்மியா இருந்தா துணி வழவழப்பா இருக்கும், சின்னச் சின்ன உருண்டையா பில்லிங் வர்றதும் குறையும். அதனால லேபிள்ல "லாங் ஸ்டேபிள்", "எக்ஸ்ட்ரா லாங் ஸ்டேபிள்"னு இருந்தா அதுக்குக் கொஞ்சம் கூடுதலா கொடுக்கலாம். "கோம்ப்டு"ன்னு இருந்தா, குட்டை இழைகளைச் சீவி எடுத்துட்டு நூல் நூற்றிருக்காங்கன்னு அர்த்தம். அதுவும் நல்லது.

எகிப்து பருத்தி, அமெரிக்காவோட சுபிமா எல்லாம் பேர் வாங்கினது இந்த நீள இழையாலதான். நம்ம ஊர்லயும் அந்த ரகம் உண்டு. 1970கள்ல கோயம்புத்தூர்ல உருவாக்கின சுவின் பருத்தி, உலகத்தோட மிக நீளமான இழைப் பருத்திகள் வரிசையில வரும்.

ஆனா பேரை மட்டும் நம்பாதீங்க. 2016ல அமெரிக்காவோட டார்கெட் கடைகள், இந்தியாவோட வெல்ஸ்பன் கம்பெனியோட வியாபார உறவை முறிச்சுக்கிட்டாங்க. எகிப்து பருத்தின்னு லேபிள் ஒட்டி வந்த பெட்ஷீட், தலையணை உறைகள்ல வேற பருத்தி இருந்ததா டார்கெட் அறிவிச்சது. சுமார் 7,50,000 பீஸ்கள், 2014 ஆகஸ்டுல இருந்து 2016 ஜூலை வரைக்கும் வித்தது. அவ்வளவு பெரிய கடை, சொந்தமா தரப் பரிசோதனை பண்றவங்க, அவங்களுக்கே கண்டுபிடிக்க ரெண்டு வருஷம் ஆச்சுன்னா, ஆன்லைன்ல 999 ரூபாய்க்கு "100% எகிப்து பருத்தி"ன்னு பார்க்கும்போது நாம எவ்வளவு உஷாரா இருக்கணும்!

இன்னும் சில பேர்களை மொழிபெயர்த்துச் சொல்லிடறேன்:

- "காட்டன் ஃபீல்", "காட்டன் டச்": காட்டன் இல்ல.
- "கிளேஸ் காட்டன்": ஆன்லைன்ல இந்தப் பேர்ல வர்றது பெரும்பாலும் பாலியஸ்டர்தான். பேர்ல மட்டும் காட்டன் இருக்கும். கீழ "மெட்டீரியல்" வரியைப் படிங்க.
- "பேம்பூ": மூங்கில் நாரை அப்படியே நெய்ததுன்னு நினைக்காதீங்க. பெரும்பாலும் மூங்கில் கூழ்ல இருந்து ரசாயன முறையில எடுத்த விஸ்கோஸ், அதாவது ரேயான். மென்மையா, குளுமையா இருக்கும். ஆனா ரேயான் நனைஞ்சா வலு குறையும், முரட்டுத்தனமா துவைச்சா தாங்காது.
- "சாட்டின்": பளபளன்னு இருக்கிற இது பல சமயம் பாலியஸ்டர். "காட்டன் சாட்டீன்" வேற. பேர் ஒரே மாதிரி இருக்கறதால குழப்பிக்காதீங்க.
- "ஓயீகோ-டெக்ஸ்" முத்திரை: தீங்கான ரசாயனங்கள் இருக்கான்னு பரிசோதிச்சிருக்காங்கன்னு அர்த்தம். நல்ல விஷயம். ஆனா துணி நீடிச்சு உழைக்கும்ங்கறதுக்கு அது சான்று இல்ல.

பெர்கேலா, சாட்டீனா?

ரெண்டும் காட்டன்தான், நெசவுதான் வேற.

பெர்கேல்ல நூல் ஒண்ணு மேல, ஒண்ணு கீழன்னு சாதா நெசவு. தொட்டா மொறுமொறுன்னு, புது சட்டை மாதிரி இருக்கும். காத்து நல்லா போகும். நெசவு இறுக்கமா இருக்கறதால நல்லா உழைக்கும். குறை என்னன்னா, சுருக்கம் வெளிப்படையா தெரியும்.

சாட்டீன்ல ஊடை நூல் பெரும்பாலும் நாலு நூலைத் தாண்டி ஒண்ணுக்குக் கீழ போகும். மேல் பக்கத்துல நூல் நீளமா படுத்திருக்கறதால வழுவழுன்னு, லேசான மினுமினுப்போட இருக்கும். சுருக்கம் அவ்வளவா தெரியாது. குறை, கொஞ்சம் கதகதப்பு அதிகம். வெளியே நிக்கிற நூல்கள்ல வளையல், கொலுசு, பூனை நகம் மாட்டினா இழுத்துக்கும்.

அப்ப உங்க வீட்டுக்கு எது?

ஏசி அறை, பெரியவங்க மட்டும் படுக்கறாங்கன்னா: 300 சுற்றுவட்டாரத்துல காட்டன் சாட்டீன். லக்ஸரியும் கிடைக்கும், இஸ்திரியும் வேண்டாம்.

ஃபேன் மட்டும்தான், மதுரை, வேலூர் மாதிரி வெயில் ஊர்னா: 200 முதல் 250 வரை பெர்கேல். பிளெயின் வெள்ளை எடுக்காம, சின்ன பிரிண்ட் அல்லது கோடு போட்டது எடுங்க. சுருக்கம் கண்ணுக்குத் தெரியாது, இஸ்திரியும் தேவைப்படாது.

சின்னக் குழந்தைங்க, செல்லப் பிராணி இருக்கற வீடுன்னா: காட்டன் பங்கு அதிகமா இருக்கிற காட்டன்-பாலியஸ்டர் கலவை, அல்லது கனமான கைத்தறி. அடிக்கடி துவைக்கணும், சீக்கிரம் காயணும். இங்க சாட்டீன் வாங்கினா ரெண்டே மாசத்துல மனசு கஷ்டப்படும்.

பட்ஜெட் தாராளமா இருந்தா: லினன். ஆளிச்செடி நார்ல நெய்யறது. வேர்வையை நல்லா உறிஞ்சும், வேகமா காயும், துவைக்கத் துவைக்க மென்மையாகும். அதுல சுருக்கம்தான் அழகு, அதனால இஸ்திரி பேச்சே இல்ல. ஆனா விலை காட்டனைவிடப் பல மடங்கு போகும். முதல்ல ரெண்டு தலையணை உறை மட்டும் வாங்கிப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

"ரிங்கிள் ஃப்ரீ காட்டன்" பத்தி ஒரு வார்த்தை. அதுல துணிக்கு பிசின் மாதிரி ஒரு ரசாயன பூச்சு கொடுத்திருப்பாங்க. சுருங்காது, உண்மைதான். ஆனா அந்த முறை பருத்தி நூலோட வலுவைக் கொஞ்சம் குறைக்கும். பூச்சும் துவைக்கத் துவைக்கக் குறையும். அதுக்காக ரொம்ப அதிக விலை கொடுக்க வேண்டியதில்ல.

அளவு: பாதி சுருக்கம் இங்கதான்

பெட்ஷீட் காலையில சுருண்டு கிடக்கறதுக்கு துணி காரணம் இல்ல, அளவுதான் காரணம். கிங் சைஸ் மெத்தை 72க்கு 78 இஞ்ச், உயரம் 8 இஞ்ச்னு வச்சுக்குங்க. அகலத்துக்கு 72, ரெண்டு பக்க உயரம் 16, ஆக 88. கடையில "டபுள்"னு தர்ற 90க்கு 100 பெட்ஷீட் போட்டா, செருகறதுக்கு ரெண்டு பக்கமும் சேர்த்து மிச்சம் 2 இஞ்ச்தான். எப்படி நிக்கும்? பக்கத்துக்கு 6 இஞ்ச் செருகணும்னா அகலம் 100, நீளம் 106 வேணும். அப்ப 108க்கு 108தான் சரி.

செருகற வேலையே வேண்டாம்னா, சுத்தி எலாஸ்டிக் வச்ச ஃபிட்டட் ஷீட் எடுங்க. நாலு மூலையில மட்டும் எலாஸ்டிக் வச்சது சீக்கிரம் கழண்டு வரும். துணி இழுவையிலயே சுருக்கம் போயிடும். வாங்கும்போது மெத்தை உயரத்தைச் சொல்லி, ஓர் இஞ்ச், ரெண்டு இஞ்ச் கூடுதலா எடுங்க. காட்டன் முதல் சில சலவையில 3 முதல் 5 சதவீதம் வரைக்கும் சுருங்கலாம். 78 இஞ்ச்ல 4 சதவீதம்னா 3 இஞ்ச். "ப்ரீ ஷ்ரங்க்"னு போட்டிருந்தா இந்தக் கவலை குறையும்.

எங்க வாங்கலாம்? வரி எவ்வளவு?

வெளிநாட்டு பிராண்டுக்கு அலையறதுக்கு முன்னாடி நம்ம ஊரைப் பாருங்க. கரூர்ல இருந்துதான் பெட்ஷீட், தலையணை உறை, மேஜை விரிப்பு எல்லாம் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பல் ஏறுது. அங்க எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் கிடைக்கும், ஆனா செகண்ட்ஸும் கலந்திருக்கும். விரிச்சு, வெளிச்சத்துல பிடிச்சு, அளவெடுத்து வாங்கணும். வெளிநாட்டு மெத்தை அளவு வேறங்கறதால ஃபிட்டட் ஷீட்ல இன்னும் கவனம்.

ஈரோடு மாவட்டம் சென்னிமலை கைத்தறி பெட்ஷீட்டுக்குப் பேர் போன ஊர். முதல்ல கொஞ்சம் முரட்டுத்தனமா இருக்கும், துவைக்கத் துவைக்க இதமா மாறும். கோடும் கட்டமும் இருக்கறதால சுருக்கம் தெரியாது. முதல் ரெண்டு மூணு தடவை தனியா துவைங்க, சாயம் போகலாம். 1935ல தொடங்கின கோ-ஆப்டெக்ஸ்ல தீபாவளி நேரத்துல 30 சதவீதத் தள்ளுபடி வரும். மாசாமாசம் கட்டி அப்புறம் துணி எடுத்துக்கற "கனவு நனவு" சேமிப்புத் திட்டமும் அவங்ககிட்ட உண்டு. நிபந்தனைகளைக் கிளையில கேட்டுக்குங்க.

இப்ப ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22ல இருந்து, பெட்ஷீட் மாதிரி தைத்த துணிப் பொருட்களுக்கு ஒரு பீஸ் விற்பனை விலை 2,500 ரூபாய் வரைக்கும் 5 சதவீதம், அதுக்கு மேல 18 சதவீதம். 2,500 ரூபாய்க்கு வரி 125. 2,501 ரூபாய்க்கு வரி 450. ஒரு ரூபாய் விலை கூடினதுக்கு 325 ரூபாய் வரி! வரியோட சேர்த்து 2,625 ரூபாய்க்குள்ள முடிச்சா நீங்க 5 சதவீதத்துல இருக்கீங்க. நாம மேல பார்த்த மாதிரி, ஒரு நல்ல காட்டன் பெட்ஷீட்டுக்கு அந்த எல்லைக்குள்ளயே தாராளமா ஆப்ஷன் இருக்கு. பில்லை வாங்கி எந்த வரி போட்டிருக்காங்கன்னு பார்க்கற பழக்கத்தையும் வச்சுக்குங்க.

பணத்தை எப்படி ஒதுக்கறது?

ஆன்லைன்ல பெட்ஷீட்டுக்குக்கூட இஎம்ஐ ஆப்ஷன் காட்டறாங்க. தயவுசெஞ்சு வேண்டாம். "நோ காஸ்ட்"னு சொன்னாலும் பிராசசிங் கட்டணம், அதுக்கு வரின்னு ஏதாவது ஒட்டிக்கிட்டு வரும். துவைச்சா தேயற பொருளுக்குக் கடன் தேவையில்ல.

ரெண்டு நல்ல செட் 4,800 ரூபாய், 4 வருஷம் வருதுன்னா மாசத்துக்கு 100 ரூபாய்தான். மெத்தை உறை, தலையணைக்கும் சேர்த்து மாசம் 200 ரூபாய் ஒரு ஆர்டியிலயோ தனிக் கணக்குலயோ போட்டுட்டு வந்தா, அடுத்த தடவை மாத்தும்போது கையைக் கடிக்காது.

ஒரே நேரத்துல நாலு செட் வாங்காதீங்க. ஒண்ணு வாங்கி, ரெண்டு மாசம் துவைச்சுப் பாருங்க. பில்லிங் வருதா, சாயம் போகுதா, சுருங்குதா, ராத்திரி வேர்க்குதா? பாஸ் ஆச்சுன்னா அதே ரகத்துல ரெண்டாவது. கட்டிலுக்கு ரெண்டு செட் சுழற்சிக்கு, மழைக்காலத்துக்கும் விருந்தாளிக்கும் ஒண்ணு. அதுக்கு மேல பீரோவுல தூங்கற பெட்ஷீட் எல்லாம் தூங்கற பணம்தான்.

இஸ்திரி இல்லாம ஹோட்டல் மாதிரி: சலவை முறை

- மெஷினை முக்கால் வாசிக்கு மேல நிரப்பாதீங்க. நெருக்கினாத்தான் சுருக்கம் ஆழமா விழும். ஜிப் வச்ச பேன்ட், ஹூக் வச்ச துணியோட பெட்ஷீட்டைச் சேர்க்காதீங்க.
- சாதாரண அழுக்குக்கு 30 முதல் 40 டிகிரி போதும். வீட்டுல தூசிப் பூச்சி அலர்ஜி இருக்கறவங்க இருந்தா, லேபிள் அனுமதிச்சா 60 டிகிரி.
- போர்வெல் உப்புத் தண்ணின்னா லிக்விட் டிடர்ஜென்ட் நல்லா கரையும். சோப்பு அதிகம் போட்டா துணியிலயே தங்கி விறைப்பாயிடும்.
- ஃபேப்ரிக் கண்டிஷனரைக் குறைங்க. அது நூல் மேல படிஞ்சு, காட்டன் வேர்வையை உறிஞ்சறதைக் குறைக்கும்.
- குளோரின் ப்ளீச் அடிக்கடி போட்டா நூல் வலு இழக்கும்.
- முடிஞ்ச உடனே எடுத்து, ரெண்டு பேரா நாலு மூலையைப் பிடிச்சு பலமா ஒரு உதறு. கொடியில விளிம்பு சரியா பொருந்தற மாதிரி போட்டு, கலர் துணின்னா நிழல்ல காய வைங்க.
- லேசா ஈரம் இருக்கும்போதே கையால நீவி மடிச்சு, மத்த துணிக்கு அடியில வைங்க. அல்லது நேரா மெத்தையில இழுத்து விரிச்சு ஃபேனைப் போட்டுடுங்க, நல்லா காய்ஞ்ச பிறகு படுங்க. தலையணை உறைக்கு மட்டும் இஸ்திரி போட்டாலே போதும், கண்ணுக்கு முதல்ல படறது அதுதான்.

கடைக்குப் போகும்போது கேட்க வேண்டியவை

1. என்ன நூல்? 100% காட்டனா, கலவையா, எவ்வளவு சதவீதம்?
2. த்ரெட் கவுண்ட் எவ்வளவு, சிங்கிள் ப்ளையா?
3. பெர்கேலா, சாட்டீனா?
4. என் மெத்தை உயரத்தோட சேர்த்து அளவு சரியா இருக்கா?
5. முதல்லயே சுருக்கின துணியா? சாயம் போகாதா?
6. வரியோட சேர்த்து 2,625க்குள்ள இருக்கா?
7. இதை வாராவாரம் துவைக்கப் போறது யாரு, அவங்களுக்கு ஓகேவா?

ஏழாவதுக்கு மட்டும் கடைக்காரர்கிட்ட பதில் இருக்காது. அந்தப் பதில் "ஓகே"ன்னு வந்தா மத்த ஆறையும் பார்த்து தைரியமா எடுங்க.

இன்னிக்கு ராத்திரி உங்க வீட்டு பெட்ஷீட் லேபிளைத் திருப்பிப் பாருங்க. என்ன நூல், என்ன அளவுன்னு எழுதி, உங்க ஊர் இஸ்திரி ரேட்டையும் போட்டு 4 வருஷக் கணக்கு போட்டு கமென்ட்ல சொல்லுங்க. மெத்தை வாங்கறதுக்கும் இதே மாதிரி கணக்கு வேணும்னா அதையும் சொல்லுங்க, வீடியோவா போட்டுடலாம்.